ரஞ்சிக் கோப்பை 2018–19: புதுச்சேரி முதன்முதலாக ஆடிய பருவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில், அதாவது இந்திய உள்நாட்டு முதல்தரக் கிரிக்கெட்டில், புதுச்சேரி என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்றது 2018–19 பருவத்தில்தான். அந்தப் பருவத்தைப் பற்றிப் புதுச்சேரியிலும் கடலூரிலும் கிரிக்கெட் பார்ப்பவர்கள் இன்றும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. கோப்பையை வென்ற அணியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால், புதிய அணிகளுடன் புதுச்சேரி இடம்பெற்றிருந்த பிளேட் பிரிவுக்கே இங்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

அந்தப் பருவம் எப்போது நடந்தது? கோப்பையை வென்றது யார்?

2018 நவம்பர் 1 அன்று தொடங்கி 2019 பிப்ரவரி 7 அன்று முடிந்தது. நாக்பூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் சௌராஷ்டிராவை 78 ரன்களில் தோற்கடித்து விதர்பா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு இந்தூரில் டெல்லியை வென்று முதன்முறை கோப்பை பெற்றிருந்த அணி அது. இரண்டு முறையும் அணித்தலைவர் ஃபைஸ் ஃபசல், பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட்.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று விலகியதால் அந்த நாளைப் புதுச்சேரி விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. புதுச்சேரி சேர்க்கப்பட்ட முதல் ரஞ்சிப் பருவமும் அதே தேதியில் தொடங்கியது தற்செயல்தான் என்றாலும், அட்டவணையைப் பார்த்த உள்ளூர்க்காரர்களின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

ஒரே ஆண்டில் ஒன்பது அணிகள் எப்படி உள்ளே வந்தன?

நீதிமன்றத்தின் வழியாக வந்தன. கிரிக்கெட் வாரியத்தைச் சீரமைக்க உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, நாட்டின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வாரியத்தில் இடம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016 ஜூலையில் நீதிமன்றம் அப்பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஏற்றது. 2018 ஆகஸ்டில் வாரியத்தின் புதிய சட்டதிட்டங்களுக்குச் சில மாற்றங்களுடன் ஒப்புதல் அளித்தது. அதுவரை 28 ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை இதன் விளைவாக 37 ஆக உயர்ந்தது.

அருணாசலப் பிரதேசம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, சிக்கிம் ஆகிய ஆறு வடகிழக்கு அணிகளும் உத்தராகண்ட், பீகார், புதுச்சேரி ஆகிய மூன்றும் புதிதாகச் சேர்ந்தன. இவற்றில் பீகாரைப் புதிய அணி என்பது சரியாகாது. முன்பு பல்லாண்டுகள் ஆடி, ஜார்க்கண்ட் பிரிந்ததைத் தொடர்ந்து இடம் இழந்து, நீண்ட வழக்குக்குப் பின் திரும்பி வந்த அணி அது.

அணிகள் எப்படிப் பிரிக்கப்பட்டன?

எலைட் எனப்படும் மேல்பிரிவில், ‘ஏ’, ‘பி’ பிரிவுகளில் தலா ஒன்பது, எலைட் ‘சி’ பிரிவில் பத்து, பிளேட் பிரிவில் புதிய ஒன்பது. அந்தந்தப் பிரிவுக்குள் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோதின. ‘ஏ’, ‘பி’ இரண்டையும் சேர்த்துப் புள்ளிகளில் முதல் ஐந்து அணிகளும், ‘சி’ பிரிவின் முதல் இரண்டும், பிளேட் பிரிவின் முதல் அணி மட்டும் காலிறுதிக்குச் செல்லலாம். லீக் சுற்றில் 153, அதன்பின் 7 என மொத்தம் 160 ஆட்டங்கள். இவ்வளவு ஆட்டங்களுக்கு மைதானங்களையும் நடுவர்களையும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

புள்ளிகள் எப்படி வழங்கப்பட்டன? டிராவில் முடிந்தாலும் ஓர் அணி ஏன் மகிழ்கிறது?

வெற்றிக்கு 6 புள்ளிகள். இன்னிங்ஸ் கணக்கிலோ பத்து விக்கெட் வித்தியாசத்திலோ வென்றால் கூடுதலாக 1. ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணிக்கு 3, பின்தங்கிய அணிக்கு 1. முதல் இன்னிங்ஸ்களே முடியாமல் போனால் இரண்டுக்கும் தலா 1.

நான்கு நாள் லீக் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த 3-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாடே திறவுகோல். எதிரணி 310 ரன்கள் எடுத்திருக்கிறது, நமது அணி மூன்றாம் நாள் பிற்பகலில் 8 விக்கெட்டுக்கு 290 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஒன்றரை நாளில் வெற்றி தோல்வி ஏற்படாது என்று இரு அணிகளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த 21 ரன்களுக்காகக் களத்தில் நடப்பது ஒரு முழு ஆட்டத்துக்கு நிகரானது. பந்துவீசும் அணி எல்லைக்கோட்டருகே ஆள்களை நிறுத்தி, ஓரளவு ஆடத் தெரிந்தவருக்கு ஓவரின் தொடக்கத்தில் ஒரு ரன்னைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மறுமுனையில் உள்ள பத்தாம் எண் ஆட்டக்காரரைக் குறிவைக்கும். ஒரு முறை விளிம்பில் பட்டுப் பந்து ஸ்லிப்புகளுக்கு நடுவே போனால் அது பருவத்தின் கணக்கையே மாற்றிவிடும். தொலைக்காட்சியில் வராத இந்த மணிநேரங்களில்தான் ரஞ்சி ஆட்டத்தின் சுவை இருக்கிறது என்பது இதை எழுதுபவரின் கருத்து.

புதுச்சேரி அணியில் எட்டுப் பேர் நீக்கப்பட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை; ஆனால் அது ரஞ்சிக் கோப்பையில் நடந்ததன்று. அதே பருவத்தில் 2018 செப்டம்பரில் தொடங்கிய ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையில் நடந்தது. புதுச்சேரி தன் முதல் ஆட்டத்துக்கு இறங்கிய பின்னர், அணியில் இருந்த எட்டு ஆட்டக்காரர்களுக்கு முன்பு அளித்திருந்த தகுதியை வாரியம் திரும்பப் பெற்றது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

புதிய அணிகளுக்கு இருந்த சிக்கலை இந்த நிகழ்வு வெளிப்படையாகக் காட்டியது. ஒரு சங்கத்துக்கு ஆடுவதற்கு, அதன் எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும்; அல்லது குறைந்தது ஓராண்டாக அங்கே வசித்தோ படித்தோ பணியாற்றியோ இருக்க வேண்டும் என்பது பொது விதி. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அணி உறுதியாகிறது என்னும்போது, ஓராண்டுக் கணக்கை யார் எப்படிக் காட்டுவது? விதி தவறானதன்று; ஆனால் சலுகை கொடுத்துப் பின் பறித்த முறையில் பாதிக்கப்பட்டவர்கள் ஆட்டக்காரர்கள்தாம்.

வெளி மாநிலங்களிலிருந்து வந்து ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள் யார்?

பொது விதிக்குள் வராத வெளி ஆட்டக்காரர்கள் மூவரை ஓர் அணி ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புதுச்சேரி அந்த இடங்களுக்கு அபிஷேக் நாயர், பராஸ் டோக்ரா, பங்கஜ் சிங் ஆகியோரைக் கொண்டுவந்தது.

நாயர் மும்பையின் பல கோப்பை வெற்றிகளில் பங்குபெற்ற ஆல்ரவுண்டர். டோக்ரா இமாசலப் பிரதேசத்தின் நடுவரிசைத் தூண். ரஞ்சிக் கோப்பையில் ஒன்பது இரட்டைச் சதங்கள் அடித்தவர் என்ற பெருமை பிற்பாடு அவர் பெயருக்கு வந்தது.

மூவரில் தனித்துச் சொல்ல வேண்டியவர் பங்கஜ் சிங். ராஜஸ்தானின் உயரமான வேகப்பந்து வீச்சாளரான இவர், அந்த அணி 2010–11, 2011–12 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்துக் கோப்பை வென்றபோது அதன் முதுகெலும்பாக இருந்தார். 2014-இல் இங்கிலாந்துக்கு எதிராகச் சவுத்தாம்ப்டனில் ஆடிய முதல் டெஸ்டில் 179 ரன்கள் கொடுத்து ஒரு விக்கெட்டும் பெறவில்லை என்பதற்காகவே பலர் இவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் இவர் பந்துவீச்சில் ஸ்லிப்பில் பிடி நழுவியதையும், நடுவர் மறுத்த முறையீடுகளையும் யாரும் சொல்வதில்லை. ரஞ்சிக் கோப்பையில் 400 விக்கெட் எடுத்த முதல் வேகப்பந்து வீச்சாளர் என்ற எல்லையை இவர் தாண்டியது புதுச்சேரிக்காக ஆடிய இந்தப் பருவத்தில்தான். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த இந்தக் கடற்கரையில், முப்பதுகளின் நடுவில் இருந்த ஒருவர் நாளொன்றுக்கு இருபது ஓவர் வீசுவது எளிய செயலன்று.

வெளியாட்களைக் கொண்டுவந்ததால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்புப் போகவில்லையா?

புதுச்சேரியில் அன்று தொடங்கிய இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பதினொரு பேரில் மூவர் வெளியிலிருந்து வந்தால் உள்ளூர்க்காரர் மூவருக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை. அதே நேரம், முதல்தர ஆட்டமே பார்த்திராத ஓர் அணியில், 400 விக்கெட் எடுத்தவர் மிட்-ஆஃபில் நின்றுகொண்டு இருபது வயது வீச்சாளரிடம் அடுத்த பந்தை எங்கே போட வேண்டும் என்று சொல்வதன் பயனை வேறு எந்தப் பயிற்சி முகாமும் தராது.

மூன்று ஒப்பந்த ஆட்டக்காரர்கள் என்பது பிரச்சினையே அன்று. அந்த எண்ணிக்கைக்கு அப்பால், ஓராண்டு வசிப்பு என்ற கதவின் வழியாக வந்து நிரம்புகிறவர்களைப் பற்றித்தான் சங்கத்திடம் கேள்வி கேட்க வேண்டும். காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய மூன்று பகுதிகளும் புதுச்சேரி அணிக்கு உரியவையே. அங்கிருந்து எத்தனை பேர் தேர்வுக்கு அழைக்கப்படுகிறார்கள் என்பதும் இதே கேள்வியின் தொடர்ச்சி.

கடலூரைச் சேர்ந்த ஒருவர் புதுச்சேரி அணிக்கு ஆட முடியுமா?

கடலூர் மாவட்டம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு உட்பட்டது. எனவே மஞ்சக்குப்பத்திலோ நெல்லிக்குப்பத்திலோ பிறந்து அங்கேயே வசிக்கும் ஒருவருக்கு இயல்பாக உரிய அணி தமிழ்நாடு. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுவதைப் போலவே கிரிக்கெட் சங்கமும் மாறிவிடுகிறது. புதுச்சேரியில் படிப்பவராகவோ பணிபுரிபவராகவோ உரிய காலம் இருந்து, அதற்கான சான்றுகளைக் காட்டினால் அங்கே ஆடத் தகுதி உண்டு. நாள்தோறும் பேருந்தில் போய் வந்து பயிற்சி பெறுவது மட்டும் தகுதியாகாது. இந்த வேறுபாட்டை அறியாமல் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, தேர்வு நாளில் ஏமாந்து திரும்பும் பெற்றோர் உண்டு; சேர்க்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

புதுச்சேரியின் சொந்த மைதானம் எது?

சேதராப்பட்டுப் பக்கம் துத்திப்பட்டில் உள்ள புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் சீகெம் மைதானம். நகருக்குள் உப்பளத்தில் இருக்கும் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தைப் பலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள்.

நவம்பர், டிசம்பர் என்பது இந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த ஆண்டு நவம்பர் நடுவில் கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கடைசியில் வேதாரண்யம் அருகே கடந்தது நினைவிருக்கலாம். ஆறு புள்ளிகள் தேவைப்படும் அணிக்கு இந்தக் காலத்தில் சொந்த மண்ணில் ஆடுவது அனுகூலமா என்று கேட்டால், ஆடுகளம் அனுகூலம், வானம் பகை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிளேட் பிரிவிலிருந்து காலிறுதிக்குப் போனது யார்? அங்கே என்ன நடந்தது?

உத்தராகண்ட். ஒன்பதில் ஒன்றுக்குத்தான் வழி என்பதால் ஒரு தோல்வியோ மழையில் போன ஓர் ஆட்டமோ போதும், பந்தயத்திலிருந்து விலக. இரண்டாம் இடம் பெற்ற பீகார் தன் முதல் ஆட்டத்திலேயே தேராதூனில் உத்தராகண்டிடம் பத்து விக்கெட்டில் தோற்றது. அங்கே போன ஏழு புள்ளிகளை அதன்பின் எவ்வளவு வென்றும் ஈடுசெய்ய முடியவில்லை. புதுச்சேரியும் காலிறுதி வாய்ப்பைத் தவறவிட்டது.

காலிறுதியில் ரஜத் பாட்டியாவின் தலைமையில் ஆடிய உத்தராகண்ட் முதல் இன்னிங்ஸில் 355 ரன்கள் எடுத்தது. நடப்புச் சாம்பியனான விதர்பாவுக்கு எதிராக அது மதிக்கத்தக்க எண்ணிக்கை. பதிலுக்கு விதர்பா 629 எடுத்தது; வாசிம் ஜாஃபர் மட்டும் 206. இரண்டாம் இன்னிங்ஸில் உமேஷ் யாதவும் ஆதித்ய சர்வடேயும் ஆளுக்கு ஐந்து விக்கெட் எடுக்க, உத்தராகண்ட் 159-இல் சுருண்டு இன்னிங்ஸ் மற்றும் 115 ரன்களில் தோற்றது. பிளேட் அணிகளுக்கும் மேல்பிரிவு அணிகளுக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டு இன்னிங்ஸ்களும் சேர்ந்தே காட்டுகின்றன: ஒரு நாள் முழுக்க ஈடுகொடுக்க முடிந்தது, மூன்று நாள் முடியவில்லை.

மிலிந்த் குமாரின் 1331 ரன்களும் அசுதோஷ் அமனின் 68 விக்கெட்டுகளும் உண்மையான சாதனைகளா?

அந்தப் பருவத்தைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

டெல்லியிலிருந்து சிக்கிமுக்கு வந்த மிலிந்த் குமார் எட்டு ஆட்டங்களில் 1331 ரன்களை 121 என்ற சராசரியில் குவித்தார். அதுவரை ஒரே ரஞ்சிப் பருவத்தில் இதைவிட அதிகம் அடித்திருந்தவர் 1999–2000-இல் ஐதராபாத்துக்காக 1415 எடுத்த வி.வி.எஸ். லட்சுமண் ஒருவரே. பீகாரின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் அமன் எட்டு ஆட்டங்களில் 68 விக்கெட் எடுத்து, 1974–75-இல் பிஷன் சிங் பேடி எடுத்த 64 விக்கெட் சாதனையை முறியடித்தார். அவருடைய சராசரி 6.48.

எண்கள் பதிவேட்டில் சட்டப்படி இருக்கின்றன; அவற்றை யாரும் நீக்க முடியாது. ஆனால் பேடியின் 64-க்குப் பக்கத்தில் அமனின் 68-ஐ வைத்து இவர் அவரைவிடச் சிறந்தவர் என்று வாதிடுவது முறையன்று. புல் ஆடுகளமோ புல்தரையோ அமையாத ஊர்களில் வளர்ந்து, முதன்முறையாக நான்கு நாள் ஆட்டம் ஆடவந்த மட்டையாளர்கள் பலர் அந்த எதிரணிகளில் இருந்தார்கள். ஒரே பருவத்தில் 37 அணிகளை முதல்தரம் என்று ஏற்றுக்கொண்டபோதே இத்தகைய எண்கள் வரும் என்பது தெரிந்த செய்தி.

அதற்காக இவற்றை வெறும் கணக்கு என்று ஒதுக்குவதும் சரியன்று. எளிய எதிரணிக்கு எதிராக ஒரு சதம் பலர் அடிப்பார்கள். ஒவ்வொரு வாரமும் ஊர் மாறி, களம் மாறி, பொறுமை குறையாமல் மீண்டும் மீண்டும் அடிப்பதற்குத் தனிப் பசி வேண்டும். அதே பிரிவில் ஆடிய மற்ற அனுபவசாலிகள் எவரும் மிலிந்த் அளவுக்குக் குவிக்கவில்லையே. அவர் பின்னாளில் அமெரிக்கா சென்று அந்நாட்டு அணிக்காகப் பன்னாட்டு ஆட்டங்களில் ஆடினார்.

தமிழ்நாடு அந்தப் பருவத்தில் எப்படி ஆடியது?

சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எலைட் ‘பி’ பிரிவில் இருந்த தமிழ்நாடு காலிறுதியை எட்டவில்லை. அப்பிரிவிலிருந்து சென்ற ஒரே அணி கேரளா. அந்தக் கேரளாவைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு தோற்கடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. கேரளா காலிறுதியில் வயநாட்டின் கிருஷ்ணகிரி மைதானத்தில் குஜராத்தை 113 ரன்களில் வென்று முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தது. அதே களத்தில் அரையிறுதியில் விதர்பாவின் வேகப்பந்து வீச்சாளர் உமேஷ் யாதவிடம் அகப்பட்டு 106, 91 ரன்கள் என்று இரண்டு நாளுக்குள் முடிந்துபோனது.

பெங்களூரு அரையிறுதியில் புஜாரா பற்றிய சர்ச்சை என்ன?

காலிறுதியில் லக்னோவில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 372 ரன்களைத் துரத்தி வென்று, ரஞ்சி வரலாற்றில் அப்போதைய மிகப்பெரிய வெற்றித் துரத்தலை நிகழ்த்திய சௌராஷ்டிரா, அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக 279-ஐத் துரத்தியது. இந்திய டெஸ்ட் அணி மட்டையாளரான சௌராஷ்டிராவின் புஜாரா ஆட்டமிழக்காமல் 131 எடுத்து வென்று கொடுத்தார். ஆனால் அவர் மட்டையில் பட்டு விக்கெட் கீப்பரிடம் சென்றதாகக் கர்நாடகம் முறையிட்ட பந்தை நடுவர் மறுத்தார், புஜாராவும் நகரவில்லை. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் முறை அப்போது ரஞ்சியில் இல்லை. அடுத்த பருவத்தின் அரையிறுதிகளில் அது வரையறுக்கப்பட்ட வடிவில் கொண்டுவரப்பட்டது.

இறுதி ஆட்டத்தில் திருப்பம் எங்கே நிகழ்ந்தது?

முதல் இன்னிங்ஸில் விதர்பா 312, சௌராஷ்டிரா 307. வெறும் ஐந்து ரன் முன்னிலை. இரண்டாம் இன்னிங்ஸில் விதர்பா 200-இல் முடிந்தது. அதிலும் அதிகமாக 49 எடுத்தவர் சர்வடே. வெற்றிக்கு 206 தேவை, புஜாரா இருக்கிறார், ஆஸ்திரேலியாவில் 521 ரன்கள் குவித்துத் தொடர் நாயகனாகத் திரும்பி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான சர்வடே முதல் இன்னிங்ஸில் புஜாராவை 1 ரன்னில் வீழ்த்தியிருந்தார். இரண்டாம் முறை ரன் எதுவும் எடுக்க விடவில்லை. நான்காம் நாள் மாலை சௌராஷ்டிரா 5 விக்கெட்டுக்கு 58. மறுநாள் 127-இல் எல்லாம் முடிந்தது. ஆட்டத்தில் சர்வடேயின் விக்கெட்டுகள் 11.

ஜாஃபரைச் சொல்லாமல் விட முடியாது. நாற்பது வயதைக் கடந்த நிலையில் அந்தப் பருவத்தில் 1037 ரன்கள் எடுத்தார். ரஞ்சியில் 11,000 ரன்களைக் கடந்த முதல் ஆட்டக்காரரும் ஆனார்.

அதன்பின் புதுச்சேரி அணி என்ன ஆயிற்று?

2019–20-இலும் பிளேட் பிரிவிலேயே இருந்தது. கர்நாடகத்தின் வினய் குமார் அந்த ஆண்டு புதுச்சேரிக்கு வந்து, பங்கஜ் சிங்கின் விக்கெட் எண்ணிக்கையைப் புதுச்சேரிச் சட்டையிலேயே முந்தினார். அந்தப் பிரிவில் முதலிடம் பெற்றது கோவா. 2020–21 பருவம் கொரோனா காரணமாக நடக்கவில்லை. பின்னர் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டபோது புதுச்சேரி மேல்பிரிவில் இடம்பெற்று, 2022-இல் சென்னையில் கர்நாடகம், ரயில்வே, ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் ஆடியது.

2024 ஜனவரியில் டெல்லிக்கே சென்று டெல்லியை ஒன்பது விக்கெட்டில் வென்றது இதுவரை இந்த அணி பெற்ற வெற்றிகளில் அதிகம் பேசப்பட்டது. அதில் பத்து விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர் என்பதால், மேலே சொன்ன உள்ளூர்–வெளியூர் விவாதம் அந்த வெற்றியன்றும் ஓயவில்லை.

2018–19-இன் சாதனைகள் இன்னும் நிலைத்திருக்கின்றனவா?

சௌராஷ்டிராவின் 372-ஐ 2024 பிப்ரவரியில் ரயில்வே அணி திரிபுராவுக்கு எதிராக 378-ஐத் துரத்தி முந்தியது. 2019–20-இல் ஜெயதேவ் உனத்கட் 67 விக்கெட் எடுத்து, சௌராஷ்டிராவுக்கு முதல் கோப்பையையும் வென்று தந்து, அமனின் 68-ஐ ஒரே ஒரு விக்கெட்டில் எட்டாமல் விட்டார். 2024–25-இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 எடுத்து அதைத் தாண்டினார். அவர் மேல்பிரிவு அணிகளுக்கு எதிராக, நாக் அவுட் ஆட்டங்களையும் சேர்த்துப் பத்து ஆட்டங்களில் எடுத்தார். அமன் எட்டில் எடுத்தார். எது பெரியது என்று கேட்பவர்கள் இரண்டு எண்ணிக்கைகளையும் எதிரணிகளின் பட்டியலுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.